மாத்திரைக்கு முன் மூட்டுநீர்

மூலனூர் வட்டாரத்தில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை இப்போது அரிய செய்தியன்று. வாசலில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்த மூதாட்டியர், இரத்த ஓட்டம் குன்றித் தொடை எலும்பின் தலைப்பகுதி சிதைந்துபோன நடுவயதுப் பின்னலாடைத் தொழிலாளர், நெடுநாள் முடக்குவாதத்தால் இடுப்பு இறுகிப்போனோர் எனப் பலர் செயற்கை மூட்டுடன் நடமாடுகின்றனர். 2012 முதல் நடப்பிலுள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இவ்வறுவையை எளிய குடும்பங்களுக்கும் எட்டச் செய்துள்ளது. திருப்பூர், கரூர், கோயம்புத்தூர் என ஏதேனும் ஓர் ஊரில் அறுவை செய்துகொண்டு வீடு திரும்பும் இவர்களுள் மிகப் பெரும்பாலோர் பல்லாண்டுகள் நலமாக நடக்கின்றனர். நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு மட்டும் செயற்கை மூட்டைச் சுற்றி நுண்ணுயிர்த் தொற்று ஏற்படுகிறது. அந்த ஒருவர் இருவரையும், அவரைப் பேணும் குடும்பத்தாரையும் மனத்திற்கொண்டே இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். செயற்கை இடுப்பு மூட்டு உள்ள ஒருவருக்கு அம்மூட்டில் புதிதாக வலியோ, தையல் வடுவில் கசிவோ தோன்றினால், ஆன்டிபயாடிக் மாத்திரை வாயில் விழுவதற்கு முன்பே மூட்டுநீர் எடுக்கப்பட்டு ஆய்வகத்துக்குச் சென்றிருக்க வேண்டும். நம் பகுதியில் பெரும்பாலும் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. முதலில் மாத்திரை, பிறகு வேறு மாத்திரை, பிறகு ஊசி, எதற்கும் அடங்காதபோது பெரிய மருத்துவமனை, கடைசியில் ஆய்வகம். இந்த வரிசை மாறவேண்டும் என்பதே என் வேண்டுகோள். மருத்துவர்கள் மட்டும் இதை மாற்றிவிட முடியாது. முதல் மாத்திரை பெரும்பாலும் வீட்டார் கையால்தான் வருகிறது.

செயற்கை மூட்டில் தொற்று ஏன் இத்துணை பிடிவாதமானது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். 1957இல் இலண்டனில் எலெக், கோனென் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். தாமாக முன்வந்தவர்களின் தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவைச் செலுத்தி, எத்தனை கிருமிகள் இருந்தால் சீழ் பிடிக்கும் என்று கணக்கிட்டனர். வெறுந்தோலில் சீழ் உண்டாகப் பல இலட்சக்கணக்கான கிருமிகள் தேவைப்பட்டன. ஆனால் அதே தோலில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது, அதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு கிருமிகளே போதுமானவையாக இருந்தன. நூலிலேயே பிழைப்பு நடத்தும் நம் வட்டாரத்தார் இதை நினைவில் வைத்துக்கொள்வது எளிது. உடலுக்குச் சொந்தமில்லாத ஓர் இழை இருந்தாலே கிருமிக்கு அவ்வளவு வசதி கிடைக்கிறதென்றால், ஒரு சாண் நீளமுள்ள உலோகத் தண்டும் கிண்ணமும் உள்ளே இருக்கும்போது எவ்வளவு வசதி கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உலோகத்தின் மேற்பரப்பைப் பற்றிய ஒரு போட்டியும் உண்டு. உடலின் திசுக்கள் அதன்மேல் படர்ந்து ஒட்ட முயல்கின்றன, கிருமிகளும் முயல்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் அந்தோணி கிரிஸ்டினா 1987இல் இதனை மேற்பரப்புக்கான பந்தயம் என்று குறித்தார். பந்தயத்தில் கிருமி முந்திவிட்டால், அது தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கிறது. கிணற்றுப் படியில் பாசி பிடித்திருப்பதைப் போன்றது இது. மேலே எவ்வளவு நீர் ஊற்றினாலும் பாசி போவதில்லை, தேய்த்தால்தான் போகும். படலத்துக்குள் இருக்கும் கிருமிகள் மெதுவாகவே பெருகுகின்றன. மிதக்கும் கிருமியை அழிக்கும் மருந்தளவைவிடப் பலநூறு மடங்கு இருந்தாலும் அவை தாக்குப்பிடிக்கக்கூடும். ஆகவே மாத்திரை மட்டும் விழுங்கி இத்தொற்றைத் தீர்த்துவிடலாம் என்பது நடவாத காரியம்.

மாத்திரையால் வேறொன்று நடக்கும். படலத்தை விட்டு வெளியே மிதக்கும் கிருமிகள் மடியும். வலி சற்றுத் தணியும், கசிவு குறையும், வீட்டார் நிம்மதி அடைவர். படலத்துக்குள் இருப்பவை அப்படியே இருக்கும். மாத்திரை நின்றதும் அவை மீண்டும் தலையெடுக்கும். இதற்கிடையில் மூட்டுநீரை எடுத்துச் சோதித்தால் அதில் உயிருள்ள கிருமி எதுவும் கிடைக்காமற்போகலாம். நோய் இருக்கும், கிருமியின் பெயர் மட்டும் தெரியாது. பெயர் தெரியாவிட்டால் எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதும் தெரியாது.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இடுப்பு அல்லது முழங்கால் செயற்கை மூட்டு அகற்றப்பட்ட 331 பேரை ஆராய்ந்தனர். தொற்று இருந்தோரிடம், அறுவையின்போது எடுத்த திசுவைக் கல்ச்சர் செய்ததில் ஏறத்தாழ 61 சதவீதத்தினரிடமே கிருமி பிடிபட்டது. அறுவைக்கு முந்திய 14 நாள்களுக்குள் ஆன்டிபயாடிக் பெற்றிருந்தோரை மட்டும் தனியே பார்த்தால் அது 45 சதவீதமாக இறங்கியது. பாதிக்கு மேற்பட்டோரிடம் கிருமி அகப்படவில்லை. எல்லா வசதியும் உடைய ஒரு மருத்துவமனையின் நிலை இது. அகற்றிய உலோகத்தை நீரில் இட்டு மீயொலியால் அதிரவைத்து, படலத்தைப் பெயர்த்தெடுத்துச் சோதிக்கும் முறையால் அவர்கள் இவ்விழப்பைப் பெரிதும் ஈடுசெய்தார்கள். அம்முறை எல்லா ஊர் ஆய்வகங்களிலும் இல்லை. மாத்திரையைத் தள்ளிப்போடுவது எல்லா ஊரிலும் இயலும்.

நம் ஊரில் நடப்பதை நாம் அறிவோம். "அண்ணா, அம்மாவுக்கு ஆபரேசன் பண்ணின இடத்துல நீர் கசியுதுங்க, புண் ஆத்துற மாத்திரை ஏதாச்சும் குடுங்க" என்று மருந்துக்கடையில் கேட்கிறார் மகன். ஐந்து நாளைக்கு மாத்திரை வருகிறது. மகன்மேல் தவறு காண எனக்கு மனமில்லை. அறுவை செய்த மருத்துவமனை தொலைவில் உள்ளது. தாயைக் காரில்தான் அழைத்துச்செல்ல வேண்டும். கம்பெனியில் ஒருநாள் விடுப்பு என்றால் ஒருநாள் கூலி போய்விடும். மாத்திரையின் விலையோ மிகச் சொற்பம். ஆனால் இங்கு கணக்கு வேறாக இருக்கிறது. அறுவை முடிந்து ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குள், அல்லது அறிகுறி தோன்றி மூன்று வாரங்களுக்குள் தொற்று கண்டறியப்பட்டால், உலோகத்தை எலும்பிலேயே விட்டுவைத்து, சுற்றிலும் கழுவிச் சுத்தம் செய்து, கழற்றி மாற்றக்கூடிய உட்பகுதிகளை மட்டும் மாற்றி மூட்டைக் காப்பாற்ற இயலும் வாய்ப்பு பலருக்கு உண்டு. படலம் முதிர்ந்தபின் அவ்வாய்ப்பு குறைந்துவிடும். அப்போது மூட்டு முழுவதையும் அகற்ற வேண்டிவரும்; பலருக்கு மருந்து கலந்த தற்காலிகச் சிமெண்ட் மூட்டை வைத்து வாரக்கணக்கில் காத்திருந்து, மறுபடியும் புதிய மூட்டைப் பொருத்த வேண்டிவரும். ஐந்து நாள் மாத்திரை இருமுறை கொடுக்கப்பட்டு, 'பார்ப்போம்' என்று மேலும் ஒரு வாரம் கழிந்தால் அந்த மூன்று வாரத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. மாத்திரைக்கு அவசரம் காட்டுவோர் மருத்துவமனைக்கு அவசரம் காட்டினால் நன்று.

இங்கு ஒரு முக்கியமான விலக்கைச் சொல்லாமல் விடுவது பிழை. கடுங்குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், மூச்சிரைப்பு, மனக்குழப்பம், இரத்த அழுத்தம் வீழ்தல் ஆகியவை இருந்தால் தொற்று இரத்தத்தில் பரவியிருக்கலாம். அந்நிலையில் காத்திருத்தல் கூடாது. அவசர சிகிச்சைப் பிரிவில் இரத்தத்தை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு உடனே மருந்து தொடங்குவார்கள், அதுவே சரி. அதுபோலவே, அறுவை மருத்துவர் எழுதிக்கொடுத்து ஏற்கெனவே உட்கொண்டுவரும் ஆன்டிபயாடிக்கை இக்கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோயாளியின் நிலை இடங்கொடுத்தால், மருத்துவரே அதனை இரண்டு வாரம் நிறுத்திவைத்துப் பிறகு மூட்டுநீர் எடுக்கச் சொல்வதுண்டு. அம்முடிவு அவருடையது.

மருந்துக்கடையைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். 2012இல் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள், மருந்துச்சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்தக் கோரி ஓர் அறிக்கை வெளியிட்டன. சென்னைப் பிரகடனம் என்று அது உலக மருத்துவ இதழ்களில் பேசப்பட்டது. அதையடுத்து மைய அரசு எச்1 என்னும் புதிய அட்டவணையை உண்டாக்கி, 2014 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தியது. அவ்வட்டவணையிலுள்ள மருந்துகளை விற்கும் கடைக்காரர், எழுதிய மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2016இல் ஆன்டிபயாடிக் அட்டைகளிலுள்ள சிவப்புக் கோட்டின் பொருளை மக்களுக்கு உணர்த்தும் இயக்கம் தொடங்கப்பட்டது. சட்டம் இருக்கிறது, கோடும் இருக்கிறது. அடுத்தமுறை அட்டையைக் கையில் வாங்கும்போது பின்புறம் திருப்பிப் பாருங்கள். அக்கோடு இருந்தால், செயற்கை மூட்டு உள்ளவருக்கு அதை மருத்துவரைக் கேளாமல் கொடுக்காதீர்கள்.

இத்தொற்று எல்லோரிடமும் சீழும் காய்ச்சலுமாக வெளிப்படுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தோலில் இயல்பாக வாழும் சில சாதுவான கிருமிகள், அறுவையின்போது உள்ளே புகுந்து மாதக்கணக்கில் ஓசையின்றி இருக்கும். காய்ச்சல் இராது, வடு நன்கு ஆறியிருக்கும். இடுப்பு மடிப்பிலோ தொடையிலோ ஒரு வலி மட்டும் விடாமல் இருக்கும். ஓய்வில் இருக்கும்போதும் இரவிலும் வலிக்கும். அறுவைக்குப் பிறகு ஒருநாள்கூட வலியின்றி நடந்ததில்லை என்று நோயாளி சொல்வார். 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டார் சொல்வர். அந்தச் சொல்லை நம்பி ஓராண்டைக் கழித்துவிட வேண்டாம். மற்றொரு வகை, ஆண்டுக்கணக்கில் நன்றாக இருந்த மூட்டில் திடீரென வருவது. காலில் முள் குத்திய புண், சர்க்கரை நோயாளியின் பாதவெடிப்பு, சிறுநீர்த் தொற்று, சொத்தைப் பல் ஆகியவற்றிலிருந்து கிருமி இரத்தத்தின் வழியே மூட்டை அடைந்திருக்கும். முருங்கைக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் வெறுங்காலுடன் நடக்கும் நம் மக்களுக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

இனிச் சோதனைகளுக்கு வருவோம். முதலில் எடுக்கப்படுபவை சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்னும் இரத்தச் சோதனைகள். இவை உடலில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும் கூறும். எங்கே, எதனால் என்று கூறமாட்டா. அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாளில் சி.ஆர்.பி. உச்சத்துக்கு ஏறி, வாரங்களில் இயல்புநிலைக்கு இறங்கிவிடும். ஈ.எஸ்.ஆர். இறங்க மாதங்கள் ஆகலாம். ஆதலால் ஒருநாள் எடுத்த எண்ணைவிட, எண்கள் இறங்குகின்றனவா ஏறுகின்றனவா என்பதே மருத்துவருக்கு உதவும். பழைய சீட்டுகளைக் கிழித்தெறியாமல் தேதிவாரியாக அடுக்கி எடுத்துவாருங்கள். முடக்குவாதம் உள்ளோருக்குத் தொற்று இல்லாமலும் இவை உயர்ந்திருக்கும். அடங்கிக்கிடக்கும் கிருமிகளின் தொற்றில் இரண்டும் இயல்பாகவே இருக்கக்கூடும். இரத்தச் சோதனை நன்றாக இருக்கிறது என்பதை வைத்து விடாத வலியைப் புறந்தள்ளுவது எனக்கு உடன்பாடன்று.

உறுதியான செய்தியைத் தருவது மூட்டுநீரே. இடுப்பு மூட்டு, முழங்காலைப்போல் தோலுக்கு அருகில் இல்லை; தசைகளுக்கு அடியில் ஆழத்தில் உள்ளது. எனவே அல்ட்ராசவுண்டு அல்லது எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே, கிருமி நீக்கிய சூழலில் நீண்ட ஊசியைச் செலுத்தி நீரை எடுப்பார்கள். ஊசி என்றதும் பலர் தயங்குகின்றனர். தோல் மரத்துப்போக மருந்து கொடுத்தபின் செய்யப்படும் இச்செயல் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கிடைக்கும் சில மில்லிலிட்டர் நீரிலிருந்து மூன்று நான்கு செய்திகள் கிடைக்கின்றன. வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டரில் 3000க்கு மேல் இருந்தாலோ, அவற்றுள் நியூட்ரோபில் வகை 80 சதவீதத்தைத் தாண்டினாலோ, நாட்பட்ட தொற்றுக்கு அது வலுவான அடையாளம். அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் இவ்வெல்லைகள் பொருந்தா. அப்போது எண்கள் இயல்பாகவே மிக உயர்ந்திருக்கும்.

இன்னொரு சோதனையை இங்கு குறிப்பிட விழைகிறேன். சிறுநீரில் தொற்று உண்டா என்று பார்க்க எல்லா ஆய்வகங்களிலும் நிறம் மாறும் காகிதக் கீற்று ஒன்று வைத்திருப்பார்கள். அதன் ஒரு கட்டம் வெள்ளணுக்கள் வெளிவிடும் எஸ்டெரேஸ் என்னும் நொதியைக் காட்டுவது. அதே கீற்றில் ஒரு துளி மூட்டுநீரை இட்டால் ஓரிரு நிமிடங்களில் ஊதா நிறம் தோன்றித் தொற்றைச் சுட்டக்கூடும். மூட்டுநீரில் இரத்தம் கலந்திருந்தால் நிறத்தைப் படிக்க இயலாது. அப்போது நீரைச் சுழற்றித் தெளியவைத்துப் பார்க்க வேண்டும். 2018இல் பன்னாட்டு வல்லுநர் வகுத்த அளவுகோலிலும் இக்கீற்றுக்கு மதிப்பெண் உண்டு. விலையுயர்ந்த கருவிகளின் விளம்பரங்களுக்கிடையே இந்த எளிய காகிதம் மறக்கப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது.

மூன்றாவது செய்தி கல்ச்சர். மூட்டுநீரை ஊட்டக்குழம்பில் இட்டு வெதுவெதுப்பில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. இரத்தக் கல்ச்சருக்கான குப்பிகளில் மூட்டுநீரையும் செலுத்தினால் கிருமி பிடிபடும் வாய்ப்பு கூடுகிறது. மூட்டைத் திறக்கும் அறுவை நடந்தால், நீரோடு நில்லாமல் திசுக்களும் எடுக்கப்பட வேண்டும். அதுவும் ஓரிடத்தில் ஒரு துண்டு போதாது. மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலத்துக்கு நின்றவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. ஒரு மூட்டையின் வாயில் மட்டும் ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு எந்த வியாபாரியும் குவியல் முழுவதற்கும் விலை கூறமாட்டார். வெவ்வேறு மூட்டைகளில் கையை விட்டுப் பார்ப்பார். கிருமியின் படலமும் உலோகத்தின்மேல் சீராகப் படிந்திருப்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து அல்லது ஆறு இடங்களிலிருந்து தனித்தனிக் கருவிகளால் திசு எடுக்க வேண்டுமென்று பரிந்துரைத்தனர். ஒரே துண்டில் மட்டும் தோல்கிருமி ஒன்று வளர்ந்தால் அது கைபட்டு வந்த கலப்படமா, உண்மையான குற்றவாளியா என்று சொல்ல இயலாது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துண்டுகளில் அதே கிருமி வளர்ந்தால் ஐயத்துக்கு இடமில்லை. இதனால்தான், கசியும் புண்ணின் வாயைப் பஞ்சால் ஒற்றி அனுப்புவதை நான் ஊக்குவிப்பதில்லை. அது தோலின் மேலுள்ளதைத்தான் காட்டும். ஆழத்தில் இருப்பது வேறாக இருக்கலாம்.

இவற்றோடு, ஒரு துண்டை நுண்ணோக்கியில் பார்க்க நோய்க்குறியியல் துறைக்கும் அனுப்புவார்கள். இங்கு ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. ஆய்வக வசதியில்லாத சிறு மருத்துவமனைகளில் திசுக் குப்பியை உறவினர் கையிலேயே கொடுத்து வெளியே உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. நுண்ணோக்கிக்குச் செல்லும் திசு ஃபார்மலின் என்னும் திரவத்தில் இடப்படும். கல்ச்சருக்குச் செல்லும் திசுவில் ஒரு துளி ஃபார்மலின் பட்டாலும் கிருமிகள் மடிந்துவிடும். பிறகு அதை எவ்வளவு நாள் வைத்திருந்தும் பயனில்லை. ஆதலால் குப்பியைப் பெறும்போது, "இது கல்ச்சருக்கா, பயாப்சிக்கா? இதில் ஃபார்மலின் இருக்கிறதா?" என்று கேட்டுப் பெறுங்கள். கல்ச்சர் குப்பியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும் விட்டுவைக்காதீர்கள். வழியில் வேறு வேலை பார்க்காமல் நேரே கொண்டுசேருங்கள். சீட்டில் நோயாளி கடந்த இரண்டு வாரங்களில் உட்கொண்ட மாத்திரைகளின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் எழுதச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையே உடன் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

அடுத்து வருவது காத்திருத்தல். இதுதான் குடும்பத்தாருக்கு மிகவும் கடினம். இரண்டாம் நாள் "வளர்ச்சி இல்லை" என்று ஒரு சீட்டு வரும். அது இடைக்கால அறிக்கை. சாதாரணக் கிருமிகள் ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். செயற்கை மூட்டில் அடங்கிக்கிடப்பவை அப்படியல்ல. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், காலங்கடந்து வெளிப்படும் மூட்டுத் தொற்றுகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கே முதல் ஏழு நாள்களில் தெரியவந்தன. எஞ்சியவற்றுக்கு இரண்டாம் வாரமும் தேவைப்பட்டது. எனவே இக்கல்ச்சரை 14 நாள் வரை வைத்திருந்து பார்ப்பதே முறை. ஆய்வகத்தாரிடம் முன்கூட்டியே "இது செயற்கை மூட்டு" என்று தெரிவிக்காவிட்டால், வழக்கமான கல்ச்சர்போல் சில நாளில் முடித்துவிடக்கூடும். நம் நாட்டில் காசநோயையும் மறந்துவிடலாகாது. அது செயற்கை மூட்டையும் பற்றக்கூடும். சாதாரணக் கல்ச்சரில் அது வளராது. அதற்கெனத் தனியாகச் சோதிக்க வேண்டும். சிபிநாட் என்னும் மரபணுச் சோதனை சில மணிநேரத்தில் விடை தரும். அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. காசநோய்க்கான திரவக் கல்ச்சர் முடிய ஆறு வாரம் ஆகும். விடாத வலியும் வழக்கமான கல்ச்சரில் வெறுமையும் இருந்தால், இதைச் செய்தாயிற்றா என்று மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை.

"வளர்ச்சி இல்லை" என்னும் இவ்விரு சொற்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. குடும்பத்தார் அதைத் "தொற்று இல்லை" என்று படிக்கின்றனர். சிலர் மகிழ்ந்து வீடு திரும்புகின்றனர்; சிலர், 'ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு செலவா' என்று சினக்கின்றனர். அச்சொற்களின் உண்மைப் பொருள் வேறு: 'இந்த மாதிரியில், இத்தனை நாளில், இம்முறையில் எதுவும் வளரவில்லை' என்பது மட்டுமே. மாத்திரை உட்கொண்ட பின் எடுத்த ஒரே ஒரு பஞ்சொற்றலில் இரண்டு நாளில் எதுவும் வளராததும், மாத்திரையின்றி எடுத்த ஆறு திசுக்களில் 14 நாளில் எதுவும் வளராததும் ஒரே இரண்டு சொற்களால்தான் அச்சாகின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடோ மிகப் பெரிது. மருத்துவர் வெள்ளணு எண்ணிக்கை, நுண்ணோக்கி அறிக்கை, இரத்த எண்கள், எக்ஸ்ரே எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்ட பிறகே தொற்று உண்டு, இல்லை என்று கூறுகிறார். மூட்டுவரை செல்லும் புரை ஒன்று தோலில் திறந்து சீழ் வடிகிறதென்றால், கல்ச்சரில் எதுவும் வளராவிட்டாலும் தொற்று உறுதியே.

இவ்வளவும் செய்யச் சொல்வது எளிய குடும்பங்களுக்குச் சுமையல்லவா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆறு கல்ச்சர், இரண்டு வாரக் காத்திருப்பு, இடையில் பலமுறை பயணம் என்பவை கூலிவேலை செய்வோருக்கு இலேசானவையல்ல. மருத்துவர் பக்கமும் நியாயம் உண்டு. வலியால் துடிக்கும் தாயை அழைத்துவந்த மகனிடம், "இன்று மருந்து ஏதும் இல்லை, மூட்டுநீர் எடுக்கத் தாராபுரமோ கோயம்புத்தூரோ போங்கள்" என்று சொல்லும் ஊர் மருத்துவரை 'இவர் ஒன்றும் செய்யவில்லை' என்றே அக்குடும்பம் நினைக்கிறது. அந்த நினைப்புக்கு அஞ்சியே பல மாத்திரைகள் எழுதப்படுகின்றன. வலிக்கு வலிமாத்திரை கொடுத்து, அறுவை செய்தவருக்கு ஒரு கடிதம் எழுதி, அன்றே அனுப்பிவைக்கும் மருத்துவர் உங்களுக்குப் பேருதவி செய்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சுமையைக் குறைக்கும் பொறுப்பு மருத்துவமனைகளுக்கும் உண்டு. 2022 தொடக்கத்தில் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியைப் போன்ற இடங்களில் நுண்ணுயிரியல் துறை இருக்கிறது. நோயாளி அலையாமல், மூட்டுநீர் மட்டும் உரிய குப்பியில் சிறிய ஊர்களிலிருந்து அத்தகைய ஆய்வகங்களுக்குப் பயணம் செய்யும் ஏற்பாடு பெருக வேண்டும். காசநோய்க்கான சளி மாதிரிகள் இவ்வாறு ஆய்வகம் தேடிப் போகின்றன. மூட்டுநீருக்கும் அவ்வழி ஏன் திறக்கக்கூடாது?

ஆய்வகங்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. செயற்கை மூட்டுக்கான கல்ச்சர் அறிக்கையில் மூன்று செய்திகளைக் கட்டாயம் அச்சிட வேண்டும்: எத்தனை மாதிரிகள் வந்தன, எத்தனை நாள் வைத்துப் பார்க்கப்பட்டது, மாதிரி எடுக்கும்போது நோயாளி ஆன்டிபயாடிக் உட்கொண்டிருந்தாரா. ஒரே வரியில் அடங்கிவிடும் செய்திகள் இவை. அவ்வரி இல்லாத அறிக்கையுடன் வேறு மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பம், அங்கே எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அதுவரை, அந்த மூன்று செய்திகளையும் அறிக்கையின் பின்புறத்தில் நீங்களே பேனாவால் எழுதி, தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறுவை நடந்த நாளையும், பொருத்திய மூட்டின் அட்டைவில்லை ஒட்டப்பட்ட தாளின் நகலையும் அதனுடன் இணைத்து ஓர் உறையில் இட்டு, வீட்டில் குடும்ப அட்டை வைக்கும் இடத்திலேயே வையுங்கள்.